டைனோசருக்குள் எத்தனை பேர்?

சுமார் 11 மீட்டர் உயரமுள்ள பிராக்கியோசரஸ் மெல்லக் கழுத்தை வளைத்து, முன்வரிசைக்கு மேலே தலையைக் கொண்டுவருகிறது. மடியில் இருக்கும் குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. பெரியவர்களும் சற்றே பின்னால் சாய்கிறார்கள். பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு நம்பிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2007இல் அரங்கேறிய 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' என்ற பிரம்மாண்டப் பொம்மை அரங்கக் காட்சியைத்தான் சொல்கிறேன். 1999இல் வெளிவந்த பிபிசி தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தது இது.

பெரிய டைனோசர் ஒவ்வொன்றையும் மூன்று பேர் இயக்குகிறார்கள். வயிற்றுக்குக் கீழே, தரையோடு தரையாக ஒரு வண்டி இருக்கிறது. ஓட்டுநர் அதற்குள் ஒளிந்திருக்கிறார். ஒன்றரை டன்னுக்கும் கூடுதலான எடையைத் தாங்குவது அந்தச் சக்கரங்கள்தான். கால்கள் நடப்பதுபோல் அசைகின்றன, அவ்வளவே. மற்ற இருவரும் தள்ளி அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் டைனோசரின் சிறிய மாதிரி போன்ற கருவியை வளைக்க, அதே அசைவை ஹைட்ராலிக் விசை, அதாவது திரவ அழுத்தம் தரும் விசை, பெரிய உடலில் நிகழ்த்துகிறது. இன்னொருவர் கண் சிமிட்டலையும் வாயையும் உறுமலையும் பார்த்துக்கொள்கிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது வேகக் கணக்கு. ஊசல் நான்கு மடங்கு நீளமானால், ஒருமுறை ஆடிவர இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். நடக்கும் காலும் ஒருவகை ஊசல்தான். யானையின் கால் எலியின் காலைப்போல் படபடக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ராட்சத உடல் வெடுக்கென்று திரும்பினால் மறுகணமே அட்டைப் பொம்மையாகத் தெரியும். ஆகவே கருவியைப் பிடித்திருப்பவர் தன் கையின் இயல்பான வேகத்தை அடக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடலின் நிதானத்தில் அசைக்க வேண்டும்.

தோலுக்குக் கீழேயும் ஒரு நுட்பம் உண்டு. நீட்சியுள்ள வலைப்பைகளில் பாலிஸ்டைரின் (தெர்மாகோல்) மணிகளை நிரப்பி, அசையும் மூட்டுகளுக்கு இடையே கட்டியிருக்கிறார்கள். மூட்டு மடங்கும்போது பை திரண்டு புடைக்கிறது, நீளும்போது இழுபடுகிறது. மேலே போர்த்திய துணித்தோல் அதனால் சதைபோலவே குலுங்குகிறது.

சிறிய டைனோசர்களுக்கு வண்டி கிடையாது. கனமான உடையை ஆளே அணிந்து ஓடுகிறார். உற்றுப் பார்த்தால் மனிதக் கால்கள் தெரியும். சிறிது நேரத்தில் கண் அவற்றைத் தேடுவதை விட்டுவிடுகிறது.

தாய் டைரனோசரஸ் தன் குட்டியின் அருகே வந்து நிற்கும் காட்சியில் அரங்கில் இருப்பவை இரண்டே விலங்குகள். தாய்க்கு மூவர், குட்டிக்குள் ஒருவர்.