டின்னு எடையை நம்பாதீங்க, சிஸ்ட்டை எண்ணிப் பாருங்க

மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரியில லார்வா செக்‌ஷன்தான் நம்ம பொழப்பு. போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணே, ஆர்ட்டீமியா டின்னு பாதி விலைக்கு வருது, பத்து எடுத்துப் போட்டுரவா"ன்னு கேட்டாப்ல. (ஆர்ட்டீமியான்னா உப்புத்தண்ணியில வாழுற ஒரு குட்டி உயிரி. அதோட காஞ்ச சிஸ்ட்டைத்தான் டின்னுல அடைச்சு விப்பாங்க, பொரிஞ்சு வர்ற குஞ்சை இறால் லார்வாவுக்குத் தீனியாப் போடுவோம்.) கிராமுக்கு எத்தனை குஞ்சு பொரியுதுன்னு பாத்தியான்னேன். "டப்பாவுல 90 பர்சன்ட்னு போட்டிருக்குண்ணே"ங்கிறாரு. டப்பாவுல என்ன வேணா போடலாம் தம்பி.

சிஸ்ட்னா நெறைய பேரு முட்டைன்னே நெனைக்கிறாங்க, ஆனா உள்ள இருக்கிறது ஏற்கெனவே 4000 செல்கிட்ட வளந்து அப்படியே தூங்கிட்டு இருக்குற கரு. கால் மில்லிமீட்டர்தான் சைஸ், உள்ளங்கையில கொட்டுனா காப்பித்தூள் மாதிரி இருக்கும். ஒரு கிராமுக்கு 2 லட்சத்துலேர்ந்து 3 லட்சம் வரை வரும், இதை எவன் உக்காந்து எண்ணுறதுன்னுதான் எல்லாரும் எடையைப் பாத்து வாங்கிட்டுப் போயிடுறோம்.

முழுசா எண்ண வேணாம். 1 லிட்டர் கடத்தண்ணி, 2 கிராம் சிஸ்ட், 28 டிகிரி, பக்கத்துல ஒரு ட்யூப்லைட், அடியிலேர்ந்து நல்லா ஏரேஷன், அதாவது காத்துக் குமிழி. 24 மணி நேரம் கழிச்சு பைபெட்ல கால் மில்லி வீதம் ஆறு சாம்பிள் எடுத்து, ஒரு சொட்டு லூகால்ஸ் அயோடின் விட்டா நாப்ளி, அதாவது பொரிஞ்ச குஞ்சு எல்லாம் செத்துப் பழுப்பா நிக்கும், மைக்ராஸ்கோப்ல எண்ணிரலாம். போன மாசம் எனக்கு வந்தது 98, 112, 104, 109, 101, 106. சராசரி 105. நாலால பெருக்குனா மில்லிக்கு 420, லிட்டருக்கு 4,20,000, போட்டது 2 கிராம்ங்கிறதால கிராமுக்கு 2,10,000 குஞ்சு. அவ்வளவுதான் கணக்கு.

பொரியாதது எவ்வளவுன்னு பாக்குறதுலதான் பலர் கோட்டை விடுறாங்க, ஏன்னா காலி ஓடும் பொரியாத சிஸ்ட்டும் பாக்க ஒண்ணு மாதிரியே பிரவுனா கெடக்கும். முதல்ல நாப்ளியையும், பாதி வெளிய வந்து குடை மாதிரி தொங்கிட்டு இருக்கிறதையும் எண்ணிக்கணும். அப்புறம் அதே சாம்பிள்ல ஒரு சொட்டு காஸ்டிக் சோடா கரைசல், அஞ்சு சொட்டு ப்ளீச் விட்டுட்டு அஞ்சு நிமிஷம் வேடிக்கை பாருங்க. (கிளவுஸ் போட்டுக்கோங்க, நான் ஒருதடவை விரலைப் பொசுக்கிக்கிட்டேன்.) காலி ஓடெல்லாம் கரைஞ்சு காணாமப் போயிடும், பொரியாத கரு மட்டும் ஆரஞ்சு உருண்டையா மிஞ்சும். அன்னைக்கு எனக்கு சராசரியா குடை 8, ஆரஞ்சு 17. ஆக மொத்தம் 130ல 105, அதாவது 81 பர்சன்ட். அந்த டின்னுலயும் 90னுதான் போட்டிருந்துச்சு.

தப்பு மைக்ராஸ்கோப்ல நடக்குறதில்ல, பைபெட்லதான் நடக்குது. வேலைக்குச் சேந்த புதுசுல நான் ஏரேஷனை நிறுத்திட்டு சாம்பிள் எடுத்தேன், நாப்ளி எல்லாம் வெளிச்சம் வர்ற பக்கம் ஓடிருச்சு, நானும் வாகா அந்தப் பக்கமே பைபெட்டை விட்டு ஒண்ணுக்கு ரெண்டா கணக்கு எழுதி வச்சேன், மறுநாள் டேங்க்ல பிஎல்லுக்கு (போஸ்ட் லார்வா, லார்வா நிலை தாண்டுன இறால் குஞ்சு) தீனி பத்தாம ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுச்சு. ஏரேஷன் ஓடிட்டு இருக்கும்போதே எடுங்க. பீக்கர் செவத்துல தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு பிரவுன் கோடு ஒட்டியிருக்கும், அதையும் கழுவி உள்ள தள்ளணும், இல்லேன்னா அது கணக்குல வராது.

இன்னொண்ணு, கொஞ்சமா எண்ணிட்டு முடிவு பண்ணாதீங்க. மொத்தமே 25 எண்ணுனா 20 பர்சன்ட் முன்னப்பின்ன போகும், 100 எண்ணுனா 10, 400 எண்ணுனா 5. அதனாலதான் ஆறு சாம்பிள்.

டின்னைத் தொறந்து வச்சா சிஸ்ட் ஈரத்தை இழுத்துக்கும். நம்ம கடக்கரைக் காத்துக்குக் கேக்கவே வேணாம். எடை கூடும், பொரிப்பு கொறையும், ஆக தண்ணிக்கும் சேத்துக் காசு குடுக்குறோம். சென்னை கொளத்தூர்ல சின்ன பாக்கெட்ல பிரிச்சுக் கட்டினதை வாங்குற கலர்மீன்காரங்களுக்கும் இதேதான், கட்டுனவரு எத்தனை நாள் டப்பாவைத் தொறந்து வச்சிருந்தாருன்னு யாருக்குத் தெரியும். பொரியாததும் ஓடும் தீனியோட கலந்து போனா லார்வா குடல்ல அடைச்சுக்கும், கூடவே விப்ரியோங்கிற நோய்க் கிருமியும் உள்ள போகும். அதனால பர்சன்ட் கொறைஞ்ச சரக்கு சும்மா குடுத்தாலும் லாபமில்ல.

தம்பிக்கிட்ட ஒரு டின்னு மட்டும் வாங்கி டெஸ்ட் போடச் சொன்னேன். கிராமுக்கு 84,000 வந்துச்சாம். மீதி ஒம்போதை வேணாம்னுட்டாப்ல.