காப்பில் இருக்கிற கறுப்பு அழுக்கு இல்லை

போன மாதம் ஒரு பெண்மணி தன் அம்மாவின் வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. "கறுத்திருக்கிறதே என்று ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நடுவில் இருந்த முகத்தைக் காணோம்" என்றார். முகம் இருந்தது, ஆனால் மூக்கும் வாயும் தேய்ந்து நிழல் மாதிரி. திரும்ப வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். எனக்கும் உளி பிடிக்கத் தெரியும்தான். ஆனால் அது வேறொருவர் கை வெட்டிய கோடு.

கனடாவின் வான்கூவர் நகரில் வெள்ளி நகை பழுதுபார்க்கும் எனக்கு இது முதல் தடவை இல்லை. அந்தக் காப்பு குவக்குவக்கவாக் மக்களின் வேலை. வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதன் எதிர்க்கரையிலும் வாழும் பூர்வகுடிகள். மரத்தில் முகமூடியும் கம்பமும் செதுக்குவதில் பேர்போனவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலோரத்து மக்கள் வணிகர்களிடமிருந்து வந்த வெள்ளி நாணயங்களை அடித்துத் தகடாக்கி, மரத்தில் செதுக்கிய அதே உருவங்களை அதில் வெட்டினார்கள். இப்போது 925 வெள்ளித் தகடு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி.

அழிந்துபோன முகம் சிசியுட்லின் முகம், அவர்கள் கதைகளில் வரும் பாம்பு. இரண்டு பக்கமும் பாம்புத் தலை, நடுவில் மனித முகம். காப்புக்கென்றே அமைந்தது போன்ற உருவம். மற்ற உருவங்களுக்கும் இப்படி அடையாளம் உண்டு: கதைகளில் வரும் இடிப்பறவைக்குத் தலையில் சுருண்ட கொம்பு, காக்கைக்கு நேர் அலகு, கழுகுக்கு வளைந்த அலகு, ஓர்க்கா திமிங்கிலத்துக்கு உயர்ந்த முதுகுத் துடுப்பு. சும்மா அழகுக்குப் போட்ட 'டிசைன்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இன்ன உருவத்தைக் காட்ட இன்ன குடும்பத்துக்கு உரிமை என்பது போட்லாட்ச் என்ற விருந்தில், சாட்சிகள் முன்னால் நிலைநாட்டப்படுவது. அந்த விருந்தையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை தடை செய்திருந்தது.

வாங்கும்போது கோட்டைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கையால் வெட்டிய கோடு பள்ளத்தின் அடியில் கூராக மின்னும். தடித்து, மெலிந்து, உளியைத் தூக்கிய இடத்தில் ஊசிமுனையாக முடியும். வார்ப்பில் ஓரங்கள் மழுங்கியிருக்கும், சின்னச் சின்னத் துளைகள் தெரியும். லேசரில் ஆழம் எங்கும் ஒரே மாதிரி, பளபளப்பும் இருக்காது. வார்ப்பு என்றாலே மோசடி என்று சொல்லமாட்டேன், கலைஞர்களே தங்கள் உருவத்தை வார்த்து விற்பதுண்டு. அதைக் கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலைக்கு விற்பதுதான் மோசடி. அமெரிக்காவில் போலியைப் பூர்வகுடி வேலை என்று விற்றால் தண்டிக்க 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது அந்நாட்டுப் பூர்வகுடிகளின் வேலைக்கு மட்டும். ஆகவே இங்கே நாம்தான் கேட்க வேண்டும்: செய்தவர் பெயர் என்ன, எந்த ஊர், உள்பக்கம் கையெழுத்து உண்டா? விற்பவர் மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. உருவத்தைச் சுற்றியுள்ள பின்னணியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பெரும்பாலும் கந்தகக் கரைசலால் வேண்டுமென்றேதான் கறுப்பாக்குகிறார்கள். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் உருவம் எழுந்து நிற்காது. வெள்ளியை முக்கி எடுக்கும் திரவமும், அலுமினியத் தாளோடு சோடா உப்பு போடும் வித்தையும் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, அந்தக் கறுப்பையும் சேர்த்தே எடுத்துவிடும். அதையாவது திரும்ப ஏற்றலாம். பாலிஷ் சக்கரமும் பற்பசையும் வெள்ளியையே அரித்துவிடும், அதற்கு மருந்தில்லை. மென்மையான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, அவ்வளவுதான். போடும்போது காப்பின் வாயை இழுத்து விரிக்காமல், மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்புங்கள். விரித்து விரித்து மூடினால் வெள்ளி இறுகி ஒரு நாள் நடுவில், பெரும்பாலும் முகத்தின் குறுக்கே, விரிசல் விடும்.

அந்தப் பெண்மணியின் காப்பில் பாலிஷ் சக்கரம் எட்டாத உள்பக்கத்தில் கையெழுத்து மட்டும் முழுசாக இருந்தது. லென்ஸைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். குவக்குவக்கவாக் மக்கள் வாழும் அலர்ட் பே என்ற ஊரில் விசாரித்தால் இவருடைய ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்டபடியே காப்பைக் கையில் மாட்டிக்கொண்டார், பக்கவாட்டில்.