ரிப்போர்ட்டில் இல்லை, உடம்பில் இருக்கிறது

போன வாரம் வந்தவர் மேசையில் வைத்த எச்.ஐ.வி மாத்திரைப் போத்தல் நிறைந்திருந்தது. போத்தலின் வாயில் பஞ்சு திணித்திருந்தார். எடுக்கும்போது பக்கத்துக் காம்பராவுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட லயத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

"கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதே டொக்டர், அதுதான் நிறுத்திட்டேன்."

நிறுத்தி மூன்று மாதம். இந்த வருடம் இதே கதையோடு வந்த நான்காவது ஆள்.

அந்த ரிப்போர்ட் 'இல்லை' என்று சொல்லவே இல்லை, ஐயா. இயந்திரம் எண்ண முடியாத அளவுக்குக் குறைவு என்றுதான் சொல்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துத் தேயிலை செத்துவிட்டது என்று தோட்டத்து ஆள் யாராவது சொல்வாரா? எச்.ஐ.வியும் அப்படித்தான். மாத்திரை நின்றால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே இரத்தத்தில் திரும்ப ஏறிவிடும். எங்கள் பக்கமும் பிழை உண்டு. கூட்ட நேரத்தில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று அரை நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம்.

நாள் தவறாமல் போட்டு, ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் வைரஸ் 200க்குக் கீழேயே நின்றால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பின்தொடர்ந்த பார்ட்னர் ஆய்வில், ஆணுறை இல்லாமல் இருந்தும் மருந்தில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. மற்றப் பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதற்குக் காரணமும் கர்ப்பிணிகளுக்கான இரத்தப் பரிசோதனையும் இந்த மாத்திரைகளும்தான். மிஸ்ஸி இரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் ஒளியாதீர்கள்.

தொற்று இல்லாதவர்களுக்கும் ஒன்று. தொற்றியிருக்குமோ என்று பயப்படும்படி ஏதும் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் வாருங்கள், முடிந்தால் அன்றைக்கே. 28 நாள் மாத்திரை, அவ்வளவுதான். "பேர் கெட்டுப்போய்விடும்" என்று யோசித்து நாலாம் நாள் வந்தால், பரிசோதனைக்கு எழுதுவதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை. நுவரெலியாவில் தெரிந்தவர் பார்ப்பார் என்றால் கண்டிக்குப் போங்கள், பதுளைக்குப் போங்கள். அரசாங்க எஸ்.ரி.டி. (பால்வினை நோய்) கிளினிக்கில் எங்கேயும் காசு இல்லை.

அவருக்குத் திரும்ப இரத்தம் எடுத்தாயிற்று. மனைவியையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். பஞ்சு எவ்வளவு வேண்டுமானாலும் திணிக்கட்டும், அடுத்த மாதம் அந்தப் போத்தல் காலியாக வர வேண்டும்.