பொழுது சாய்ந்ததும் கேட்கும் கேள்வி

சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் அந்த அம்மா இரண்டு சேலையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "பொழுது எறங்கிருச்சு, வீட்டுக்குப் போகணும். மாடு கத்தும்யா." சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மாடுகளை விற்று இருபது வருடம் ஆகிறது. இப்போது இருப்பது மதுரையில், மகன் கட்டிய வீட்டில். "ஆத்தா, இதுதான் நம்ம வீடு. மாட்டையெல்லாம் வித்தாச்சு" என்று மகன் சொல்வார். அம்மா நம்ப மாட்டார். குரல் உயரும். கதவைப் பூட்டுவார்கள். அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி அழுகை.

எட்டு மாதம் இப்படியே ஓடிய பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள். நடுவில் கோடாங்கியிடமும் போயிருக்கிறார்கள். அதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை, போன நாட்கள்தான் திரும்பாது. (ஆள் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். மதுரையில் மனநல மருத்துவராக இருக்கும் எவருக்கும் இந்தக் கதை பழகியதுதான்.)

டிமென்ஷியா, அதாவது நினைவும் புத்தியும் மங்கிப்போவது, காய்ச்சல் மாதிரி. ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்கள் ஒன்றுபோல் காட்டும் முகம். அதிகம் காணப்படுவது அல்சைமர். அடுத்ததாக, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூளையின் ரத்தக்குழாய்களைக் கெடுத்து வரும் வகை. அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது புது விஷயங்களைப் பதிந்து வைக்கும் பகுதி. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் இருக்காது, நாற்பது வருடத்துக்கு முந்தைய மாட்டுத்தொழுவம் சாண வாசனையோடு இருக்கும். என்னிடம் வரும் ஒரு பெரியவர் வாழும் மதுரையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே இன்னும் கட்டப்படவில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோயோடு இருக்கிறார்கள், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் நம் வீடுகளில் இதற்கு ஒரே வாக்கியம்தான்: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

அப்படி இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. நாற்பது வருடம் வைத்த குழம்பில் புளி எப்போது விடுவது என்று திகைத்து நிற்பதும், ரேஷன் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் முழிப்பதும், தினம் போன மாசி வீதியில் வழி தவறுவதும் வயது அல்ல.

இன்னொன்று, மறதி எல்லாமே தீராத மறதியும் அல்ல. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சோடியம் குறைவு, மனச்சோர்வு எல்லாம் டிமென்ஷியா வேஷம் போடும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, "ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போனவருக்குச் சில வாரம் கழித்து மூளைக்கு வெளியே ரத்தம் தேங்கிக் குழப்பம் வரலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கேட்கிறோம். வரும்போது மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கிய மாத்திரைகளே சிலருக்குப் புத்தியை மங்கவைத்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு வந்திருந்தது அல்சைமர்தான். டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. இதைச் சொன்னபோது மருமகள், "பரவால்ல சார், நகை விஷயத்துக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்டார். அம்மா தோட்டை எங்கோ ஒளித்து வைப்பார், வைத்தது மறந்துபோகும். "இவ எடுத்துட்டா" என்று ஊரிலிருந்து வரும் நாத்தனாரிடம் சொல்வார். விருந்தாளி முன்னால் பத்து நிமிடம் தெளிவாகப் பேசும் திறமை இந்த நோயாளிகளுக்கு உண்டு. நாத்தனார் நம்பிவிட்டார். குளிப்பாட்டி, துணி மாற்றி, ராத்திரி கண்விழிக்கும் ஆளுக்குக் கிடைத்த பட்டம் திருடி. நான் அதிகம் கோபப்படுவது இந்த இடத்தில்தான். அடுத்த முறை நாத்தனாரையும் வரச்சொன்னேன். அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1901இல் பார்த்த முதல் நோயாளியும் 51 வயதுப் பெண்தான், அவருக்கும் நோய் ஆரம்பித்தது கணவர் மீது சந்தேகத்தில்தான் என்று சொன்னேன். பொருள் காணாமல் போனதை மூளை எப்படியாவது விளக்கியாக வேண்டும், அருகில் இருப்பவர் மேல் பழி விழுகிறது. நாத்தனார் பதில் பேசவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு வாரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்க ஆரம்பித்தார். தோடு அரிசிப் பானையில் கிடைத்தது.

வீட்டுக்குப் போகணும் என்ற கேள்விக்கு வருகிறேன். "இதுதான் வீடு" என்பது உண்மை, பிரயோஜனம் இல்லாத உண்மை. அவர் முகவரி கேட்கவில்லை. இருட்டுகிறது, எல்லாம் அந்நியமாக இருக்கிறது, பழகிய இடம் வேண்டும் என்கிறார். எனவே நாலு மணிக்கே லைட்டைப் போடச் சொன்னேன். முதலில் பசியா, தாகமா, பாத்ரூம் போகணுமா என்று பாருங்கள், பிறகு மாட்டைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை மாடு, எது முட்டும் என்று. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மகனுக்கு இது பொய் சொல்வதுபோல் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து போன் செய்தார்: பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பியதும் அம்மாவே, "இந்தா வீடு வந்துருச்சு" என்றாராம். எல்லா நாளும் பலித்தது என்று சொல்ல மாட்டேன்.

நேற்றுவரை ஒரே மாதிரி இருந்தவர் ஒரே நாளில் ஆளே மாறிப்போனால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், எங்காவது வலி, இப்படி ஒன்று இருக்கும், உடனே காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள், தடுமாறி விழுவார்கள். வெளிக்கதவுத் தாழ்ப்பாள் கண்ணில் படாத உயரத்தில் இருக்கட்டும், கேஸை ரெகுலேட்டரில் மூடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கூட்டத்துக்குக் கூட்டிப் போகாமல் டிவியில் காட்டுங்கள். மற்ற நாளிலும் போன் நம்பர் உடம்போடு இருக்கட்டும். பார்த்துக்கொள்ளும் ஆள் சோர்ந்துவிட்டால் 14416க்கு அழைக்கலாம், அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மகன் போன மாதம் வந்தார். மூன்று வருடம் ஆகிவிட்டது. "ஆத்தா இப்பல்லாம் வீட்டுக்குப் போகணும்னு கேக்குறதே இல்ல சார். கேட்டாத் தேவலைன்னு இருக்கு." கஞ்சி புரையேறுகிறது என்றார். அன்று அதைப் பற்றித்தான் பேசினோம்: நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய்.