இன்செக்யூரிட்டி: ‘பாதுகாப்பின்மை’ என்று எழுதலாமா?

போன மாதம் ஒரு தொடர்கதையின் கைப்பிரதி மெய்ப்பு பார்க்க என்னிடம் வந்தது. எழுதியவர் இளம்பெண். காதல் கதை. கல்யாணமாகி நாலு மாதம் ஆன தம்பதி, இரவு, விளக்கு அணைந்திருக்கிறது. அவள் கை அவன் தோளில் படுகிறது. அவன் அதை மெல்ல எடுத்து விலக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். அடுத்த வரி: ‘அவனுக்குள் பாலியல் பாதுகாப்பின்மை எழுந்தது.’

அங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை அந்த அறைக்குள் இருந்த என்னை அந்த ஒரு வரி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. போன் செய்து கேட்டேன். “இன்செக்யூரிட்டிக்கு டிக்‌ஷனரில அதுதான்க்கா போட்டிருக்கு” என்றார். உண்மைதான், அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அகராதி அந்தச் சொல்லைக் கட்டிலுக்காகச் சொல்லவில்லை.

பாதுகாப்பு என்றால் வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுப்பது. பூட்டு, காவல், தலைக்கவசம் எல்லாம் அதில் சேரும். ‘பாதுகாப்பற்ற உடலுறவு’ என்ற தொடரை எயிட்ஸ் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் படித்துப் படித்து, ஆணுறை இல்லாத உறவு என்ற பொருள் நம் எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. அதனால் ‘பாலியல் பாதுகாப்பின்மை’ என்று எழுதினால் தமிழ் படிப்பவருக்கு வன்கொடுமையோ நோய்த்தொற்றோதான் நினைவுக்கு வரும். ‘இவளுக்கு நான் போதுமா’ என்று ஒருவன் இருட்டில் அஞ்சுவது வரவே வராது. அந்தச் சொல் பொருந்தவில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. படிப்பவரை அது வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

சரி, மூலச்சொல் என்ன சொல்கிறது? லத்தீனில் ‘செ’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. இரண்டும் சேர்ந்த ‘செகூருஸ்’ என்பதற்குக் கவலை இல்லாதவர் என்று பொருள். நாம் தினமும் சொல்லும் ‘ஷ்யூர்’ இதன் வழி வந்ததுதான். ‘கியூர்’ என்ற சொல்லும் அதே ‘கூரா’வின் பிள்ளை. கவலைப்படுவதும் கவனித்துக் குணமாக்குவதும் அந்த மொழியில் ஒரே வேர். ஆக, ‘செக்யூர்’ என்பது முதலில் மனநிலையைச் சொன்ன சொல். பூட்டும் காவலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. நம் மொழிபெயர்ப்பு பின்னால் வந்த பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த கவலையை விட்டுவிட்டது.

இன்று நாம் சொல்லும் உளவியல் பொருள் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1942இல் ‘செக்யூரிட்டி’, ‘இன்செக்யூரிட்டி’ என்ற இரண்டு மனநிலைகளின் இயக்கத்தைப் பற்றி எழுதினார். அப்புறம் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்து, தாயோடு உள்ள பிணைப்பு உறுதியானதா இல்லையா என்று வகைப்படுத்தினார். 1987இல் சிண்டி ஹசானும் பிலிப் ஷேவரும் அந்த வகைகளைக் காதலர்கள் மேல் வைத்துப் பார்த்தார்கள். தாய் போன கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும், ‘ப்ளூ டிக் வந்தும் பதில் வரவில்லையே’ என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காதலியும் ஒரே படத்துக்குள் வந்தது அப்படித்தான்.

கட்டிலுக்குள் இந்த அச்சம் என்ன செய்யும் என்பதைத் தெளிவாகச் சொன்னவர்கள் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் இணையர். 1970இல் வந்த அவர்களுடைய நூலில் ஒரு நிலையை விவரிக்கிறார்கள். உறவின்போது ஒருவர் தன் உடலை விட்டு வெளியே வந்து நின்று, தன்னையே வேடிக்கை பார்க்கிறார். ‘ஒழுங்காகச் செய்கிறேனா, வயிறு தெரிகிறதா, அவளுக்குப் பிடித்திருக்கிறதா’ என்று மனசு மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கிறது. மதிப்பெண் போடுகிற மனசால் எதையும் உணர முடியாது, உடல் ஒத்துழைக்க மறுக்கிறது. அந்த மறுப்பே அடுத்த முறைக்கு அச்சமாகிறது. அவர்கள் சொன்ன சிகிச்சையின் முதல் படி என்ன தெரியுமா? கொஞ்ச நாளைக்கு உடலுறவே வேண்டாம், தொடுவது மட்டும் போதும் என்பது. தேர்வையே எடுத்துவிட்டால் தோல்வி எங்கிருந்து வரும்?

நம் காதல் கதைகளுக்கு வருகிறேன். இவற்றில் அச்சம் பெரும்பாலும் நாயகிக்குத்தான். நிறம் கம்மி, உடம்பு பருமன், முதல் காதல் ஒன்று இருந்தது என்று ஏதாவது ஒன்று. நாயகன் ஆறடி உயரம். அவனுக்கு எல்லாம் தெரியும், முதல் இரவிலேயே அவள் அச்சத்தைத் தீர்த்துவிடுவான். அவன் அஞ்சவே கூடாது. அவனுக்குள் அச்சம் இருந்தாலும் அது ‘பொசசிவ்’ என்ற பெயரில்தான் வெளியே வரும். அவள் யாரிடம் பேசினாள் என்று கேட்பான், கையை இறுக்கிப் பிடிப்பான், நாம் அதைக் காதல் என்று படிப்போம். இதை நான் கவலையோடுதான் சொல்கிறேன். அச்சத்துக்குச் சரியான பெயர் இல்லாத இடத்தில் அது வேறு பெயரில் அதிகாரம் செய்யும். இந்தப் பெண் தன் நாயகனை அஞ்ச விட்டிருக்கிறார். அதனால்தான் அந்த வரி சரியாக அமைய வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஆணின் இந்த அச்சத்துக்கு நம்மிடம் புழங்கும் சொல் ‘ஆண்மைக்குறைவு’ ஒன்றுதான். பேருந்து நிலையச் சுவரிலும், லாட்ஜ் அறையில் தங்கிப் பார்க்கும் வைத்தியரின் துண்டறிக்கையிலும் இருப்பது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாலின்பத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதையே இந்தியாவில் தடை செய்திருக்கிறது. சுவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. ஆனால் ஆண்மை என்ற சொல்லின் பழைய பொருள் இதுவா? ஆள் என்ற வினையிலிருந்து பார்த்தால் அது ஆளும் தன்மை. தாளாண்மை முயற்சியை ஆள்வது, வேளாண்மை பிறருக்கு உதவுவது. வள்ளுவர் ‘பேராண்மை’ என்று சொன்னது பிறன்மனை நோக்காத கட்டுப்பாட்டை. ‘நல்லாண்மை’ என்று சொன்னது பிறந்த குடியை ஆளும் பொறுப்பை. அந்த விரிந்த சொல்லைச் சுருக்கிச் சுருக்கி ஓர் உறுப்பின் விறைப்பில் கொண்டுவந்து கட்டிவிட்டோம். ஆங்கிலத்திலும் ‘ஆற்றலற்றவன்’ என்ற பொருள்படும் பழைய சொல் இருந்தது. 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு அதைக் கைவிடச் சொல்லி, விறைப்புக் குறைபாடு என்று உடலின் நிலையை மட்டும் குறிக்கும் பெயரைப் பரிந்துரைத்தது. நாமும் ‘விறைப்புக் குறைபாடு’ என்றே சொல்லலாம். மனிதனைச் சேர்த்துக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

இனி அகப்பாட்டுக்குப் போவோம். எனக்கு இதில்தான் மனசு நிறைகிறது.

‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்ற குறுந்தொகைப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கிறார்கள். அதன் கீழே இருக்கும் பழைய குறிப்பைப் பலர் படிப்பதில்லை. முதல் கூடலுக்குப் பிறகு, ‘இவர் பிரிந்துவிடுவார்’ என்று கருதி அஞ்சிய தலைமகளின் முகக்குறிப்பு மாறியதைக் கண்டு தலைமகன் சொன்னது என்கிறது அந்தக் குறிப்பு. அதாவது, நம் மொழியின் மிகப் புகழ்பெற்ற காதல் பாட்டு ஒரு இன்செக்யூரிட்டிக்குச் சொன்ன பதில். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. அவள் முகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறான். செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பிரித்தெடுக்க முடியுமா என்பதுதான் அவன் கொடுக்கும் உறுதி.

‘கொங்குதேர் வாழ்க்கை’ பாட்டின் குறிப்பும் இப்படித்தான். அவளுடைய நாணத்தை நீக்கும் பொருட்டு மெய்தொட்டுப் பயின்று, கூடி, அன்பு தோன்ற அவள் நலத்தைப் பாராட்டியது என்று இருக்கிறது. தொடுதல் முதலில். மாஸ்டர்ஸ் இணையர் சொன்னதைப் படித்தபோது எனக்கு இந்த ‘மெய்தொட்டுப் பயிறல்’தான் நினைவுக்கு வந்தது.

இப்படி உறுதி சொல்லும் பதிலுக்கு இலக்கணத்தார் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: வன்புறை. அகப்பொருளுக்கு இலக்கணம் எழுதிய 13ஆம் நூற்றாண்டு நாற்கவிராச நம்பி அதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று ஐயம் தீர்த்தல், மற்றொன்று பிரிவு அறிவுறுத்தல். ஐயம் தீர்த்தலின் உட்பிரிவில் ஒன்று இது: கூடலில் கலைந்த அவள் அணிகளை அவனே திரும்ப அணிவிக்கிறான். ‘வேறு கை பட்டது தெரிந்துவிடுமோ’ என்று அவள் நாணுகிறாள். அதை உணர்ந்து தெளிவிக்கிறான். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! கூடலின்போது வருவதைவிடக் கூடல் முடிந்த பின் வரும் அச்சம் பெரிது என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர் இது. தொல்காப்பியத்திலேயே ‘அன்புதலை யடுத்த வன்புறை’ என்ற தொடர் உண்டு. அங்கே பேசுபவள் தோழி. வன்புறை ஆணுக்கு மட்டும் உரிய வேலை இல்லை.

வல் என்பது வேர். வலிமை ஊட்டுதல், உறுதி ஊட்டுதல். இதே வேரில் வந்த ‘வற்புறுத்து’ என்ற வினையும் பழைய உரைகளில் இந்தப் பொருளில்தான் நடமாடுகிறது. ‘பருவம் இதுவல்ல, அவர் வருவார் என்று தோழி வற்புறுத்தியது’ என்றால், தைரியம் சொன்னாள் என்று பொருள். இன்று ‘கணவன் வற்புறுத்தினான்’ என்று எழுதினால் என்ன பொருள்? மனைவிக்கு விருப்பமில்லை, அவன் விடவில்லை. ஒரு காலத்தில் அச்சத்தைத் தீர்த்த சொல் இப்போது அச்சத்தைத் தருகிற சொல்லாகிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எல்லா வன்புறையும் பலிக்கும் என்றும் முன்னோர் நினைக்கவில்லை. குறளில் ஒருவன் ‘யாரினும் காதலம்’ என்று உறுதி சொல்கிறான். அவள் உடனே ‘யாரினும்? யாரினும்?’ என்று ஊடுகிறாள். மற்ற எல்லோரையும்விட நீதான் என்றால், அந்த மற்றவர்கள் யார்? ஒப்பிட்டுச் சொன்ன புகழ் அச்சத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. ‘என் பழைய காதலியைவிட நீ அழகு’ என்று சொல்லிவிட்டு, ஏன் முகம் வாடுகிறது என்று தெரியாமல் முழிக்கிற ஆண்களுக்கு இந்தக் குறளைக் கையில் எழுதிக் கொடுக்கலாம்.

அப்படியானால் இன்செக்யூரிட்டிக்குத் தமிழில் என்ன? பொதுவாகச் சொல்ல ‘உள்ளச்சம்’ என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘உள்ளூர ஒரு பயம்’ என்று வீட்டில் சொல்வதன் எழுத்து வடிவம். தாழ்வு மனப்பான்மை இதற்குச் சரியாக வராது. அது எல்லா இடத்திலும் தன்னைக் கீழாக நினைப்பது. சந்தேகம் என்றாலும் விரல் எதிரில் இருப்பவரை நோக்கிப் போய்விடும், இந்த அச்சமோ தன் மேலேயே உள்ள ஐயம். கட்டிலில் வருவதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் ‘போதாமை அச்சம்’. வெறும் போதாமை என்றால் குறை உண்மையாகவே இருப்பதுபோல் ஆகிவிடும், அச்சம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. ‘அவன் இன்செக்யூர்’ என்றால் அது அவன் மேல் குத்திய முத்திரை. ‘அவனுக்கு அச்சம் வந்தது’ என்றால் வந்தது போகவும் செய்யும். தமிழ் வாக்கிய அமைப்பே இதில் கொஞ்சம் கருணை காட்டுகிறது.

வன்புறையை இன்று அப்படியே புழங்க முடியாது, வற்புறுத்தலோடு குழம்பிவிடும். ‘தேற்றுதல்’ போதும். தேறுவது என்றால் தெளிந்து நம்புவது, தேற்றுவது என்றால் நம்ப வைப்பது. நிச்சயத்தைக் காட்டும் ஏகாரத்தை இலக்கணத்தில் தேற்ற ஏகாரம் என்கிறோமே, அதே தேற்றம். ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று முடியும் அந்த ஏகாரத்தை அசை என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் காதில் அது ஒவ்வொரு முறையும் தேற்றமாகவே விழுகிறது.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். “யோசிச்சு அனுப்புறேன்க்கா” என்றார். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் திரும்பி வந்தது. உள்ளச்சமும் இல்லை, போதாமை அச்சமும் இல்லை. ‘நான் போதுமா உனக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சுவரையே பார்த்துப் படுத்திருந்தான்’ என்று இருந்தது. அடுத்த பத்தியில் அவள் அவன் முதுகில் கையை வைக்கிறாள், எடுக்கவில்லை. “தூக்கம் வரலைன்னா பேசிட்டு இருப்போம். இன்னைக்கு ஒண்ணும் வேணாம். நான் இங்கதான் இருக்கேன்” என்கிறாள்.

ஒற்று மிக வேண்டிய இடம் ஒன்றை மட்டும் திருத்தி, அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.