பிஎச் தாவல்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குத் தாக்கவீதம் தெரியும், தாங்கற் கரைசல் தெரியும், டிஎன்ஏயின் இரட்டைச் சுருளும் தெரியும். இவை மூன்றும் ஒரே பரிசோதனையில் சேரும்போது வருகிற சொல் ‘பிஎச் ஜம்ப்’. வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகிறவர்கள் இதை ஆங்கிலத்தில்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்பே தமிழில் கேட்டுவிட்டுப் போனால் நல்லது.

பொருள் இதுதான்: கரைசலின் அமிலத்தன்மையை (அதைச் சொல்லும் எண்தான் பிஎச்; அமிலம் கூடினால் அது குறையும்) சட்டென்று மாற்றிவிட்டு, அதிலுள்ள மூலக்கூறுகள் புதிய நிலைக்கேற்ப வடிவம் மாற எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அளப்பது.

‘சட்டென்று’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் எருமைத் தயிரையே எடுங்கள். பாலின் பிஎச் ஏறக்குறைய 6.7. உறை ஊற்றிய பிறகு பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தை உண்டாக்க உண்டாக்க, அது 4.6 அளவுக்கு இறங்கி, சட்டியில் தயிர் கட்டியாகிவிடும். விடிய விடிய உறைந்தது என்பதற்காக, பால் புரதம் மாறுவதற்கே ஓர் இரவு தேவை என்று சொல்லலாமா? முடியாது. நாம் பார்த்தது பற்றீரியாவின் வேகத்தை. அதே பாலைச் சூடாக்கித் தேசிக்காய் பிழிந்தால் கண்முன்னே திரைந்துவிடும். அளக்க விரும்பும் மாற்றத்தை விட அமிலத்தின் மாற்றம் முந்திக்கொள்ள வேண்டும்.

டிஎன்ஏயில் இதற்கு நல்ல உதாரணம் ஐ-மோட்டிஃப். 1993இல் கெரிங், லெறுவா, கெறோன் ஆகியோர் கண்ட நான்கிழை அமைப்பு இது. டிஎன்ஏயின் நான்கு மூலங்களில் ஒன்றான சைற்றோசின் நிறைந்த பகுதிகளில், இரண்டு சைற்றோசின்கள் ஒரு புரோத்தனை (ஐதரசன் அயனை) பங்குபோட்டு மூன்று ஐதரசன் பிணைப்புகளால் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த சோடிகள் ஒன்றின் இடையில் ஒன்றாகச் செருகிக்கொள்ளும். புரோத்தன் வேண்டும் என்பதால் பொதுவாக அமிலத்தில் மடியும். அமிலம் குறைந்தால் விரியும். மனித உயிரணுக்களின் கருவுக்குள்ளும் இது உண்டு என்று 2018இல் சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, எப்படி அளக்கிறார்கள்? ஒரு சிரிஞ்சில் பிஎச் 8 அளவில் டிஎன்ஏ, மற்றதில் அமிலத் தாங்கற் கரைசல், அதாவது தன் பிஎச்சை எளிதில் மாறவிடாத கரைசல். இரண்டையும் ஒரே தள்ளலில் சின்னக் கலத்துக்குள் செலுத்தினால் ஒரு மில்லிசெக்கன் அளவில் கலந்துவிடும். இழையின் இரு முனைகளிலும் ஒளிரும் சாயங்களை ஒட்டியிருப்பார்கள். இழை மடிந்து முனைகள் நெருங்கினால் ஒரு சாயத்தின் சக்தி மற்றதற்குப் போய் ஒளி மாறும். அந்த ஒளி மாறும் வளையியிலிருந்து, மடியும் வேகத்தைச் சொல்லும் வீத மாறிலி கிடைக்கும். இன்னும் வேகம் வேண்டுமென்றால், நைத்திரோபென்சல்டிகைட்டு போல ஒளி பட்டதும் புரோத்தனை விடும் சேர்வையைக் கலந்து கழியூதா லேசரைப் பாய்ச்சுவார்கள். கலக்கும் வேலையே இல்லை.

அடுத்தது பெயரின் வழி. ‘பிஎச்’ என்ற அளவை 1909இல் கோப்பன்ஹேகனில் சோரன்சன் கொண்டுவந்தார். ‘ஜம்ப்’ ஜேர்மனியின் மான்பிரெட் ஐகன் 1950களில் செய்த வெப்பநிலைத் தாவல் முறையிலிருந்து வந்த வழக்கு. மின்னிறக்கத்தால் கரைசலைக் கண நேரத்தில் சில பாகை சூடாக்கி, அது மீளச் சமநிலைக்கு வருவதை அவர் பார்த்தார். அதிவேகத் தாக்கங்களை ஆராய்ந்ததற்காக 1967இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

‘ஜம்ப்’ என்பதைத் தமிழில் ‘பாய்ச்சல்’ என்று சொன்னால் என்ன குறை என்று கேட்பார்கள். அம்பாறையில் அந்தச் சொல் வயலுக்கு நீர் விடுவதையே முதலில் நினைவூட்டும். பௌதிகவியலிலும் அது ஓட்டத்தைக் குறிக்கிறது. ‘திடீர் மாற்றம்’ எந்த மாற்றத்துக்கும் பொருந்திவிடும். ‘தாவல்’ என்பதில் இடையில் கால் ஊன்றாமல் அங்கிருந்து இங்கே வந்தது தெரிகிறது. பிஎச்சுக்குக் காரகாடித்தன்மைச் சுட்டெண் என்ற பெயரும் உண்டு. இந்தத் தொடரில் அது நீளம், பிஎச் என்றே இருக்கட்டும். ‘அமிலத் தாவல்’ மட்டும் வேண்டாம். அமிலம் கூடும்போது பிஎச் குறைவதால் எந்தப் பக்கம் தாவியது என்று குழம்பும். ஆகவே எழுதும்போது ‘8இலிருந்து 5க்கு பிஎச் தாவல்’ என்று இரு முனைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.