பயத்துக்கு வகுத்தல் தெரியாது

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் உள்ள பஸ் ஸ்டாண்டில் புதிதாகக் கேமராக்கள் மாட்டியிருக்கிறார்களாம். முகத்தை வைத்தே ஆளை அடையாளம் காணும் கேமராக்கள் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். "குண்டு வைக்கிறவன் மாட்டினால் நல்லதுதானே சார்? நான் எதையும் மறைக்கவில்லை. எனக்கு இதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இதற்கு அரசியல் சட்டப் புத்தகத்திலிருந்து பதில் சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்த பதில் ஆறாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. ஒரு பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அந்தப் பகுதியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 3 அன்று, வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டி. ரியல் மாட்ரிட்டும் யுவென்டஸும் மோதின. ஊருக்குள் வந்தவர்கள் சுமார் 1,70,000 பேர். பாதுகாப்புக்காக மைதானத்தின் கூரையையே மூடிவைத்து ஆடினார்கள். நகரில் தெற்கு வேல்ஸ் போலீஸ் முக அடையாளக் கேமராக்களை ஓடவிட்டது. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்தக் கேமராக்கள் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா படத்தில் முகம் எங்கே என்று கண்டுபிடிக்கும். பல லட்சம் முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், அந்த முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றும். தேடப்படுவோர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு புகைப்படத்துக்கும் இதேபோல் எண்கள் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் ஒரு சூத்திரம் படித்தோம் அல்லவா, ஏறக்குறைய அதே சூத்திரம்தான். தூரம் குறைவாக இருந்தால் முகங்கள் ஒத்துப்போகின்றன என்று பொருள்.

எவ்வளவு குறைந்தால் மணி அடிக்க வேண்டும்? அதைக் கணினி தானாக முடிவு செய்வதில்லை, ஒரு மனிதர் ஓர் எல்லைக்கோடு போடுகிறார். கோட்டைத் தளர்த்தினால் குற்றவாளி தப்ப மாட்டான், ஆனால் அவனைப் போலத் தெரியும் பத்துப் பேருக்கும் மணி அடிக்கும். இறுக்கினால் அப்பாவிகள் தப்புவார்கள், அவர்களோடு குற்றவாளியும் தப்புவான். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்கிற கோடு எதுவும் கிடையாது. டெல்லி போலீஸ் ஒரு தகவல் உரிமை மனுவுக்கு அளித்த பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. இதைப் படிக்கும் பலர், 80 சதவீதம் அவன்தான் என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. 80 என்பது இரண்டு படங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கான மதிப்பெண். அவன்தானா என்பதற்கான நிகழ்தகவு வேறு. அதைச் சொல்ல இன்னொரு எண் வேண்டும், அந்த எண் கேமராவில் இல்லை. அது கூட்டத்தில் இருக்கிறது.

இப்போது அரிசிக்கு வருவோம்.

என் பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் அரிசியை மெல்லத் தள்ளிக்கொண்டே போவார். கல் கண்ணில் பட்டதும் விரல் நிற்கும். ஒரு கிலோ அரிசியில் 50,000 மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கல் ஐந்து. பாட்டிக்குப் பதிலாக ஒரு இயந்திரம் வாங்குகிறோம். அது கல்லைப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை கல் என்று சரியாகச் சொல்லும். அரிசியைப் பார்த்து நூற்றுக்கு ஒரு முறைதான் கல் என்று தவறாகச் சொல்லும். 99 சதவீதத் துல்லியம் என்று விளம்பரம் செய்யலாம், பொய்யும் இல்லை.

ஓடவிடுவோம். ஐந்து கல்லையும் அது பிடித்துவிடும். அதோடு 50,000 மணியில் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய 500 அரிசியையும் கல் என்று ஒதுக்கும். ஒதுக்கிய குவியலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். 505 மணி. அதில் கல் ஐந்துதான். அந்த இயந்திரம் "கல்!" என்று கத்தும் நூறு முறையில் தொண்ணூற்றொன்பது முறை அது அரிசிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல்முறை இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தப்பு இல்லை. இயந்திரம் 99 சதவீதம் சரி, அதன் எச்சரிக்கை 99 சதவீதம் தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. காரணம், கல் அரிது, அரிசி ஏராளம். சின்னத் தவறு விகிதம் பெரிய கூட்டத்தோடு பெருக்கப்படும்போது, பெரிய வெற்றி விகிதம் சின்னக் கூட்டத்தோடு பெருக்கப்படுவதை மூழ்கடித்துவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகளிலிருந்து வளர்ந்த கணக்கு இது. இன்றும் நோய்ப் பரிசோதனை முடிவைப் படிக்க மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கார்டிஃபில் என்ன நடந்தது? கேமராக்கள் 2,470 முறை மணி அடித்தன. அதில் 2,297 தவறு. சரியாக இருந்தவை 173. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் அப்பாவிகள். வந்த 1,70,000 பேரையும் கேமரா ஒரு தடவை பார்த்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை ஒன்றும் செய்யாமல் சரியாகவே விட்டிருக்கிறது. நம் அரிசி இயந்திரம் மாதிரியேதான். தங்களுக்குக் கிடைத்த புகைப்படங்களின் தரம் சரியில்லை என்றும், தவறான மணியால் யாரும் கைதாகவில்லை என்றும் போலீஸ் விளக்கம் கொடுத்தது. பிற்பாடு மென்பொருள் மேம்பட்டதும் உண்மைதான். தவறு நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறையலாம். ஆனால் தினமும் லட்சம் பேர் வந்துபோகும் பஸ் ஸ்டாண்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் தினமும் நூறு பேர்.

அந்த நூறு பேரும் எல்லா வகை ஆட்களாகவும் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019ல் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்தது. பல மென்பொருள்கள் வெள்ளையர்களை விட ஆப்பிரிக்க, ஆசிய முகங்களைப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்தின. சீனாவில் உருவான சில மென்பொருள்கள் கிழக்காசிய முகங்களில் அப்படித் தடுமாறவில்லை. எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்த முகங்களில்தான் அதற்குத் தெளிவு. நம் முகங்களில் எப்படி என்பதை நாம்தான் சோதிக்க வேண்டும். கேமரா வாங்கும் டெண்டர் தொகையில் நூற்றில் ஒரு பங்கை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, சுதந்திரமாகச் சோதித்து முடிவைப் பொதுவில் போடு என்று சொன்னால் போதும். விற்பவர் தரும் சதவீதத்தை நம்பி வாங்குவதும், ஜோசியர் சொன்ன நாளில் வண்டி வாங்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

சரி, இவ்வளவு எளிய கணக்கு ஏன் நமக்கு உறைப்பதில்லை? இதற்கும் ஒரு அழகான சோதனை இருக்கிறது. 2001ல் ரோட்டன்ஸ்ட்ரைக், ஷீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் கேட்டார்கள்: 20 டாலரை இழக்கும் அபாயத்திலிருந்து தப்ப எவ்வளவு கொடுப்பீர்கள்? அபாயம் 1 சதவீதம் என்றபோது 1 டாலர் என்றார்கள், 99 சதவீதம் என்றபோது 18 டாலர். கச்சிதமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அடுத்து, வலிக்கும் ஆனால் ஆபத்தில்லாத ஒரு மின் அதிர்ச்சி. அதிலிருந்து தப்ப? 99 சதவீத வாய்ப்புக்கு 10 டாலர். 1 சதவீத வாய்ப்புக்கோ 7 டாலர்! வாய்ப்பு தொண்ணூற்றொன்பது மடங்கு குறைந்தும் விலை பாதிகூடக் குறையவில்லை. பணத்தைப் பற்றி நினைக்கும்போது மூளை வகுக்கிறது. அதிர்ச்சியை மனதில் உணர ஆரம்பித்ததும் வகுப்பதை நிறுத்திவிடுகிறது. எத்தனை பேரில் ஒருவருக்கு என்ற கேள்வியே எழுவதில்லை, அந்த ஒருவர் நாமாகிவிடுகிறோம்.

இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்ததும் உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பல அமெரிக்கர்கள் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் அதனால் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்தவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பயம் அவர்களை ஆபத்திலிருந்து விலக்கவில்லை, பெரிய ஆபத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனது.

அதே பயத்தில்தான் சட்டங்களும் எழுதப்படுகின்றன. இலங்கையின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருந்தது. 1979ல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள், 1982ல் நிரந்தரமாக்கினார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. பெயரில் இருந்த தற்காலிகத்தை எண்ணிக்கொண்டே சிறையில் வருடக்கணக்கில் கிடந்த தமிழ் இளைஞர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

இப்போது, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். குடியுரிமைகளைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பாதுகாப்பு கொஞ்சம் கூடும் என்று, தராசின் இரண்டு தட்டுகள் போல, எல்லோரும் பேசுகிறார்கள். அரிசிக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கார்டிஃப் போலக் கூட்டம் முழுவதையும் அலசாமல், முதலில் விசாரணை நடக்கிறது. சாட்சி, தொலைபேசி, பஸ் டிக்கெட் என்று துப்புத் துலக்கிச் சந்தேகத்தை இருபது பேருக்குள் கொண்டுவருகிறார்கள், அதில் ஒருவன் குற்றவாளி. இந்த இருபது பேரிடம் அதே 99 சதவீத இயந்திரத்தை ஓட்டுங்கள். குற்றவாளிக்கு மணி அடிக்கும். மீதிப் பத்தொன்பது பேரில் தவறாக மணி அடிக்கும் வாய்ப்பு மொத்தமே ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆறு முறை மணி அடித்தால் ஐந்து முறை சரி. இயந்திரம் மாறவில்லை, கோடு மாறவில்லை. பகுதி மட்டும் சிறியதாகிவிட்டது.

பகுதியைச் சிறியதாக்கும் அந்த வேலையைச் செய்வது எது? நியாயமான சந்தேகத்துக்குக் காரணம் காட்டு, அப்புறம் தேடு என்று சொல்கிற அந்தப் பழைய சட்ட விதி. நீதிபதியிடம் வாரன்ட் வாங்கு என்பது போலீசின் கையைக் கட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டதாக நினைக்கிறோம். கணக்கில் பார்த்தால், தேடலைப் பயனுள்ளதாக்கும் முதல் சல்லடை அதுதான். அந்த உரிமையைத் தூக்கிக் கொடுத்தால், பாதுகாப்பும் அதோடு சேர்ந்து போகிறது.

2020 ஆகஸ்டில் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் பிடித்துக்கொண்டது. கார்டிஃபில் கடைத்தெருவில் நடந்தபோதும், ஒரு போராட்டத்தில் நின்றபோதும் தன் முகத்தைக் கேமரா அலசியதாக ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, மேலே வென்றார். யாரைப் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கேமராவை வைப்பது என்ற இரண்டையும் காவலர்களின் விருப்பத்துக்கே விட்டது சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம். யார், எங்கே என்ற இரண்டுமே பகுதியைப் பற்றிய கேள்விகள்தான்.

அந்த 2017 ஜூன் 3 இரவைப் பற்றி இன்னொன்று. கார்டிஃபில் கேமராக்கள் கால்பந்து ரசிகர்களைப் பார்த்து மணி அடித்துக்கொண்டிருந்த அதே இரவில், லண்டன் பிரிட்ஜில் மூன்று பேர் வேனை ஏற்றியும் கத்தியால் குத்தியும் எட்டுப் பேரைக் கொன்றார்கள். அவர்களின் தலைவன் உளவு அமைப்பான எம்.ஐ.5க்கு ஏற்கெனவே தெரிந்தவன். அவன் மேல் விசாரணையே ஓடிக்கொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறையால் அதை இரண்டு முறை நிறுத்திவைத்திருந்தார்கள். கல் எது என்று தெரிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருக்க விரல்கள் போதவில்லை.

திருச்சி வாசகிக்கு: நீங்கள் எதையும் மறைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். நீங்கள் அரிசி. அந்தக் கேமரா தவறாக அடிக்கும் மணிகள் எல்லாம் உங்களைப் போன்றவர்கள் மேல்தான் விழும், கல்லின் மேல் விழ முடியாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே 2020ல் எதையும் மறைக்காத ஒருவரை, கடையில் கைக்கடிகாரம் திருடியதாகக் கணினி சொன்னதை நம்பி, மனைவி, மகள்கள் கண் முன்னால் வீட்டு வாசலில் வைத்து விலங்கிட்டார்கள். முப்பது மணி நேரம் வைத்திருந்தார்கள். படத்தில் இருந்தது அவர் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான். அந்தப் பட்டியலில் எத்தனை பேர், அவர்களைச் சேர்த்தது யார், போன மாதம் எத்தனை முறை மணி அடித்தது, அதில் சரியானது எத்தனை? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். கடைசி இரண்டு எண்களை நாம் சேர்ந்து வகுத்துப் பார்ப்போம்.